நடுவர் இருக்கைக்குத் தகுதி எது?

வழக்காடிப் பழுத்த ஒருவரை ஒரு நாட்டின் தலைமை அறமன்றத்தில் நடுவராய் அமர்த்துங்கால், அவர்தம் தகுதியை எவ்வளவுகோல் கொண்டு அளத்தல் வேண்டும்? கற்ற கல்வியா? ஆடிய வழக்குகளா? வழங்கிய தீர்ப்புகளா? அன்றிப் பிறந்த குடியும் தோலின் நிறமுமா? இவ்வினா 1967-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டை உலுக்கியது. வினாவை எழுப்பியவர் எவரும் தம் வாயால் நிறத்தைச் சொல்லவில்லை. 'தகுதி' என்றே சொன்னார்கள். எனவேதான் அவ்வழக்கு இன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கதாய் நிற்கின்றது.

இந்திய அரசியல் சட்டம், வழக்கறிஞர் ஒருவர் நேரே உச்ச அறமன்ற நடுவராவதற்கு உயர் அறமன்றத்தில் பத்தாண்டுகளேனும் வழக்காடியிருத்தல் வேண்டும் என வரையறுக்கின்றது. அமெரிக்க அரசியல் சட்டமோ அகவை, கல்வி, பட்டறிவு எதனையும் வரையறுத்திலது. குடியரசுத் தலைவர் ஒருவர் பெயரைக் குறிப்பார், மூதவை ஆய்ந்து இசைவளிக்கும், அவ்வளவே. வரையறை இல்லாவிடத்தில் வழக்கமே வரையறையாகி விடுகின்றது. 1789-இலிருந்து 178 ஆண்டுகள் அந்நாட்டு உச்ச அறமன்றத்தில் அமர்ந்த 95 நடுவர்களும் வெள்ளை ஆடவரே. 96-ஆம் நடுவராக 1967 சூன் 13-ஆம் நாள் குடியரசுத் தலைவர் சான்சன் குறித்த பெயர் தர்குட் மார்சல் என்பது. அவர் அடிமைகளின் வழித்தோன்றல், கறுப்பினத்தவர்.

அவர்தம் பின்புலம் யாது? 1908-இல் மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் நகரில் பிறந்தவர். தந்தையார் தொடர்வண்டியிலும் வெள்ளையர் மன்றத்திலும் ஏவற்பணி செய்தவர், தாயார் பள்ளியாசிரியர். பிறந்த ஊரிலேயே மாநிலப் பல்கலைக்கழகத்தின் சட்டக்கல்லூரி இருந்தது. ஆயினும் அது கறுப்பினத்தார்க்குக் கதவடைத்திருந்தது. ஆகலின் வாசிங்டன் நகரத்து ஓவார்டு பல்கலைக்கழகத்திற்கு நாள்தோறும் சென்று மீண்டு சட்டம் பயின்றார். கட்டணம் செலுத்தத் தாயார் தம் மணக்கணையாழியை அடகு வைத்தார். அங்கு வாய்த்த ஆசான் சார்லசு ஊசுட்டன். கறுப்பின வழக்கறிஞன் குமுகாயத்தை மாற்றும் பொறிஞனாதல் வேண்டும் என்பது அவ்வாசானின் கொள்கை. அவரிடம் பயின்ற மார்சல் 1933-இல் வகுப்பில் முதல்வராய்த் தேறினார்.

தேறியவர் முதலிற் செய்தது யாது? தமக்குக் கதவடைத்த அதே சட்டக்கல்லூரியை ஆசானோடு சேர்ந்து மன்றத்திற்கு இழுத்தார். மர்ரே என்னும் கறுப்பின இளைஞர்க்காக 1935-இல் ஆடிய அவ்வழக்கில் வென்றார். 1936-இல் மேல்முறையீட்டு மன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. தாய் அடகு வைத்த கணையாழிக்கு மகன் செலுத்திய வட்டி அஃது எனலாம்.

அதன்பின் கால் நூற்றாண்டு அவர் ஆடிய வழக்குகள் ஒவ்வொன்றும் அந்நாட்டு மக்களின் வாழ்வைத் தொட்டவை. தெக்சாசு மாநிலத்தில் முதனிலைத் தேர்தலில் கறுப்பினத்தார் ஒப்போலை இடுதலைத் தடுத்த ஏற்பாடு 1944-இல் வீழ்ந்தது. வீடுமனைகளைக் கறுப்பினத்தார்க்கு விற்கலாகாது என்னும் உடன்படிக்கைகளுக்கு மன்றங்கள் துணைநிற்றல் கூடாது என 1948-இல் தீர்ப்பாயிற்று. 1954 மே 17-இல் பள்ளிகளில் நிறம்பற்றிப் பிள்ளைகளைப் பிரித்தல் அரசியல் சட்டத்திற்கு மாறானது என உச்ச அறமன்றத்தின் ஒன்பது நடுவரும் ஒருமித்துக் கூறினர். 'பிரித்து வைப்பினும் ஒப்பாக வைத்தால் போதும்' என 1896-இல் அதே மன்றம் வகுத்த நெறி பள்ளியளவில் அன்று தகர்ந்தது. உச்ச அறமன்றத்தில் அவர் நின்றாடிய 32 வழக்குகளில் வென்றவை 29.

இவ்வெற்றிகள் குளிர்ந்த அறையிலிருந்து பெற்றவையல்ல. 1946-இல் தென்னசி மாநிலத்தில், பெருங்குற்றஞ் சாட்டப்பெற்ற கறுப்பினத்தார்க்காக வழக்காடித் திரும்புகையில், குடித்துவிட்டு வண்டி ஓட்டினார் எனப் பொய்க்குற்றஞ் சாட்டிக் காவலர் அவரைப் பிடித்து ஆற்றங்கரைப் பக்கம் கொண்டு சென்றனர். உடன் வந்த தோழர்கள் விடாது பின்தொடர்ந்தமையாலேயே அவர் உயிர் தப்பியது. சட்டநூலைக் கையிலேந்தியவர்க்கே அந்நிலை என்றால், அதனை ஏந்தாத எளியவர் நிலை என்னாம்?

தீர்ப்பு வழங்கிய பட்டறிவும் அவர்க்கு இல்லாமற் போகவில்லை. 1961-இல் கென்னடி அவரை நியூயார்க்கு நகரத்து நடுவணரசு மேல்முறையீட்டு மன்ற நடுவராகக் குறித்தார். மூதவை அவ்விசைவை ஏறத்தாழ ஓராண்டு இழுத்தடித்து 1962-இல்தான் வழங்கியது. அங்கிருந்த காலத்தில் மன்றத்தின் பெரும்பான்மைக்காக அவர் எழுதிய தீர்ப்புகளில் ஒன்றையேனும் உச்ச அறமன்றம் மாற்றியதில்லை. 1965-இல் அரசின் தலைமை வழக்காடியாய் அமர்ந்து, ஆடிய 19 வழக்குகளில் 14 வென்றார்.

இத்துணைத் தகுதி படைத்த ஒருவரிடம் 1967-இல் மூதவைக் குழு கேட்டது யாது? தென் கரோலினாவின் தர்மண்டு என்னும் உறுப்பினர், நூறாண்டுக்கு முற்பட்ட சட்டத்திருத்தங்களின் வரலாற்று நுணுக்கங்களில் அறுபதுக்கும் மேற்பட்ட வினாக்களை அடுக்கினார். மிசிசிப்பியின் உறுப்பினரும் குழுத்தலைவருமான ஈசுட்லாந்து, தென்னாட்டு வெள்ளையர்மீது அவர்க்கு வெறுப்புண்டோ என்று வினவினார். மார்சல் சினவாது, இல்லை என்றார். அறியாதவற்றை அறியேன் என்றே சொன்னார்.

எதிர்த்தவர் கூற்றில் ஒன்றுமட்டும் மறுமொழிக்குரியது. ஓரினத்தின் உரிமைக்காகவே வழக்காடியவர் எல்லார்க்கும் பொதுவான நடுவராதல் இயலுமா என்பதே அது. நடுவர்க்கு நடுநிலை வேண்டும் என்பதை எவரும் மறார். ஆயின் நிலக்கிழார்க்கும் பெருங்குழும்பங்கட்கும் வாழ்நாளெல்லாம் வழக்காடியவர் நடுவராகுங்கால் இவ்வினா ஏன் எழவில்லை? ஆளும் இனத்தின் வழக்கறிஞர் வந்தால் அது பட்டறிவு. அடங்கிக் கிடந்த இனத்தின் வழக்கறிஞர் வந்தால் அது சார்பு! இந்த இரட்டைத் துலாக்கோலே உண்மையான சார்பு. எல்லார்க்கும் ஒத்த சட்டம் என்னும் எழுத்தைச் செயலாக்குமாறு கேட்டவர் எல்லார்க்குமாகவே கேட்டார்.

1967 ஆகத்து 30-ஆம் நாள் மூதவை 69-க்கு 11 என்னும் கணக்கில் இசைந்தது. 1991 வரை 24 ஆண்டுகள் அவ்விருக்கையில் அமர்ந்த மார்சல், 1993-இல் மறைந்தார்.

இவ்வரலாறு ஓர் உண்மையை நிறுவுகின்றது. தாழ்த்தப்பட்ட மக்களிடம் 'தகுதி எங்கே' என வினவுவார்க்கு வெறும் சினம் விடையாகாது; மறுக்கவியலாத கல்வியும் தளராத உழைப்புமே விடையாகும். அதுபோன்றே, அத்தகுதி கண்முன் வந்து நின்றபின்னும் புதுப்புது வினாக்களை அடுக்குவார் தேடுவது தகுதியை அன்று, தடையை. அத்தடையைத் தாண்டுதற்குக் கற்றவர் ஒருவர் போதார். அவர்பின் விடாது தொடர்ந்து வரும் தோழரும் வேண்டும். தென்னசியின் ஆற்றங்கரைச் சாலையில் அவர்கள் தொடராதிருந்தால் 96-ஆம் நடுவர் என ஒருவர் இருந்திரார்.