வேலை வளர்கிறது, தேதி வளர்வதில்லை!
கம்ப்யூட்டர் கம்பெனிகளில் புதிய முறை: நமக்கு என்ன லாபம்?

சென்னை பாலவாக்கத்துக்குக் கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். கால்வாயைத் தாண்டினால் பெருங்குடி, கந்தன்சாவடி. அங்கே உயர்ந்து நிற்பவை கம்ப்யூட்டர் கம்பெனிகள்.

பாலவாக்கத்தில் பல வீடுகளில் மகனோ, மகளோ, மருமகளோ அந்தக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள்.

"இன்று ராத்திரி வர நேரமாகும். நாளைக்கு ரிலீஸ்!" என்று போன் வரும்.

இது சினிமா ரிலீஸ் அல்ல. செய்து முடித்த சாப்ட்வேரை, அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் கட்டளைத் தொகுப்பை, மக்கள் உபயோகத்துக்கு விடும் நாள்.

அந்த நாளில் மட்டும் ஏன் இத்தனை நெருக்கடி? ஒரு வருடம், இரண்டு வருடம் அவகாசம் இருந்தும் கடைசி வாரத்தில் ஏன் கண் விழிக்க வேண்டும்?

காரணம் சோம்பல் அல்ல. வேலையின் எல்லை வளர்ந்துகொண்டே போவதுதான் பெரும்பாலும் காரணம்.

மேஸ்திரியும் வீட்டுக்காரரும்

வீடு கட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும்.

இரண்டு அறை, ஒரு சமையல் கட்டு என்று மேஸ்திரியிடம் பேசி முடிக்கிறோம். தொகையும் பேசியாகிவிட்டது. பொங்கலுக்கு முன் முடிக்க வேண்டும் என்று தேதியும் வைத்தாகிவிட்டது.

சுவர் எழும்பும்போது, "இங்கே ஒரு ஜன்னல் வைத்தால் என்ன?" என்று தோன்றுகிறது. பிறகு ஒரு அலமாரி. பிறகு மாடியில் ஒரு அறை.

ஒவ்வொன்றும் சிறியதுதான். எல்லாம் சேர்ந்தால்? பணமும் போதாது, நாளும் போதாது. மேஸ்திரி அவசரப்படுகிறார். பூச்சு காய்வதற்குள் வெள்ளை அடிக்கிறார். மழை வந்ததும் சுவர் ஒழுகுகிறது!

வேலை, பணம், தேதி. இந்த மூன்றில் வேலை கூடினால், மற்ற இரண்டில் ஒன்றாவது கூட வேண்டும். கூட்டாவிட்டால் தரம் குறையும். சாப்ட்வேரிலும் இதே கணக்குதான்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. மாடியில் அறை முளைத்தால் தெருவே பார்க்கும். சாப்ட்வேரில் முளைத்தால் கண்ணுக்குத் தெரியாது.

வரி வாசல் திக்கிய கதை

நம் நாட்டில் எல்லோரும் அறிந்த உதாரணம் வருமான வரி இணையதளம்.

புதிய தளம் அமைக்க 2019 ஜனவரியில் மத்திய மந்திரி சபை அனுமதி கொடுத்தது. எட்டரை ஆண்டுகளுக்கு மதிப்பிட்ட செலவு சுமார் ரூ.4,242 கோடி. வேலையை எடுத்தது இன்போசிஸ் கம்பெனி. வரிக் கணக்கைப் பரிசீலிக்க 63 நாள் ஆவதை ஒரே நாளாகக் குறைப்பது நோக்கம். 18 மாதத்தில் கட்டி, 3 மாதம் சோதித்துத் திறப்பதாகத் திட்டம். நடுவில் கொரோனா வந்தது.

2021 ஜுன் 1 முதல் 6 வரை பழைய தளம் மூடப்பட்டது. 7-ந் தேதி புதிய தளம் திறந்தது.

திறந்த மறுநாளே புகார்கள் குவிந்தன. உள்ளே நுழைய முடியவில்லை என்றார்கள் பலர். நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் எல்லோரும் பார்க்கும்படி டுவிட்டரிலேயே கம்பெனியைக் கேட்டார். ஆகஸ்டு 23-ந் தேதி கம்பெனியின் தலைமை அதிகாரி சலீல் பரேக்கை நேரில் அழைத்தார். செப்டம்பர் 15-க்குள் சரி செய்யும்படி கெடு விதித்தார்.

கணக்கு கொடுக்கும் கடைசி நாள் ஜுலை 31-லிருந்து செப்டம்பர் 30-க்குப் போனது. பிறகு டிசம்பர் 31-க்குப் போனது.

தளம் பின்னர் சீரானது. அந்த டிசம்பர் 31 வரை சுமார் 5 கோடியே 89 லட்சம் பேர் கணக்கு கொடுத்தார்கள். அதையும் சொல்வதுதான் நியாயம்.

ஆனால் பாடம் பாடம்தான். கோடிக்கணக்கான மக்கள் ஒரே நாளில் புதிய வாசலுக்கு மாற வேண்டியதாயிற்று. பழைய வாசலோ பூட்டியாகிவிட்டது. புதியது திக்கியபோது திரும்பிப் போக வழி இல்லை!

800 பக்கம் எழுதியும் பலன் இல்லை

இது நம் நாட்டு வியாதி மட்டும் அல்ல.

அமெரிக்காவின் துப்பறியும் இலாகா எப்.பி.ஐ. தன் வழக்குக் கட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு சாப்ட்வேர் செய்யச் சொன்னது. தேவைகளை 800 பக்கங்களுக்கு மேல் எழுதினார்கள். வேலை நடக்க நடக்கத் தேவைகள் மாறின. சுமார் 17 கோடி டாலர் செலவானது. 2005-ல் திட்டத்தையே கைவிட்டார்கள்.

2006-ல் "சென்டினல்" என்ற புதிய திட்டம் தொடங்கியது. அதுவும் இழுத்தது. 2010-ல் எப்.பி.ஐ. வேலையைத் தன் கையில் எடுத்தது. சிறிய குழு அமைத்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதி என்று செய்தது. 2012 ஜுலையில் சென்டினல் உபயோகத்துக்கு வந்தது.

அந்த இரண்டு வார முறையின் பெயர்தான் "அஜைல்". சுறுசுறுப்பான, வளைந்து கொடுக்கிற என்று பொருள்.

அஜைல் என்றால் என்ன?

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சாப்ட்வேர் நிபுணர்கள் 17 பேர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கட்டுக் கட்டாகக் காகிதம் எழுதுவதைவிட ஓடுகிற சாப்ட்வேர் முக்கியம். ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடுவதைவிட வாடிக்கைக்காரரோடு சேர்ந்து செய்வது முக்கியம் என்பது அதன் சாரம்.

நடைமுறை எளிது. நல்ல தையல்காரர் பத்து ரவிக்கையையும் ஒரே மூச்சில் வெட்டமாட்டார். முதலில் ஒன்றைத் தைத்துக் கொடுப்பார். போட்டுப் பார்த்துக் குறை சொன்னதும், அடுத்ததை அதற்கேற்ப வெட்டுவார். துணி வீணாகாது.

செய்ய வேண்டியவற்றை எல்லாம் ஒரு பட்டியல் போடுகிறார்கள். மிக அவசியமானது மேலே. ஆசைக்குக் கேட்டது கீழே. மேலே இருப்பதில் இரண்டு வாரத்துக்கு முடிந்ததை மட்டும் எடுக்கிறார்கள். தினமும் கால் மணி நேரம் கூடி, எங்கே சிக்கல் என்று சொல்கிறார்கள். இரண்டு வாரம் முடிந்ததும் கேட்டவரிடம் ஓட்டிக் காட்டுகிறார்கள். தவறு இருந்தால் இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். இரண்டு வருடம் காத்திருக்க வேண்டாம்.

பட்டியலுக்கு ஒருவரே பொறுப்பு. எது முதலில், எது பிறகு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பெயர் மாறினால் போதுமா?

போதாது!

"அஜைல்தானே? இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று தினம் ஒன்றைச் சொருகும் அதிகாரிகள் உண்டு. பட்டியல் நீள்கிறது. தேதி அப்படியே நிற்கிறது. ஊழியர்கள் ராத்திரி விழிக்கிறார்கள். அது அஜைல் அல்ல. பழைய குழப்பத்துக்குப் புதிய சட்டை!

ஒன்று உள்ளே வந்தால், அதே அளவு வேலை ஒன்று வெளியே போக வேண்டும். அல்லது தேதி தள்ள வேண்டும். ஊழியர்கள் நெடுங்காலம் தாங்கக்கூடிய வேகத்தில்தான் வேலை நடக்க வேண்டும் என்பதும் 17 பேர் வகுத்த கோட்பாடுகளில் ஒன்று. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சர்க்கார் வேலையில் இன்னொரு சங்கடம் உண்டு. டெண்டர் விடும்போதே எல்லாவற்றையும் எழுதி, விலை பேச வேண்டும். மக்கள் பணம் அல்லவா? கணக்குக் கேட்க ஆள் உண்டு. "செய்து பார்த்துச் சொல்கிறோம்" என்று எழுத முடியாது. அந்த எச்சரிக்கை நியாயமானதே.

அதற்கும் வழி இருக்கிறது. என்ன பலன் வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் உறுதியாக எழுதலாம். பகுதி பகுதியாகப் பணம் கொடுக்கலாம். ஒவ்வொரு பகுதியும் ஓடிக் காட்டிய பிறகே அடுத்த தவணை. முதலில் ஒரு படிவம், சில ஆயிரம் பேர். அது சரியாக ஓடினால் அடுத்த படிவம். அதுவரை பழைய வாசலைப் பூட்டக்கூடாது.

இனி என்ன?

இந்தக் கேள்வி பழங்கதை அல்ல. 2025-ல் புதிய வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. அது அமலாகும் தேதி 2026 ஏப்ரல் 1. பான் கார்டு முறையைப் புதுப்பிக்க ரூ.1,435 கோடித் திட்டத்துக்கு 2024 நவம்பரில் அனுமதி தரப்பட்டது. சட்டம் மாறினால் சாப்ட்வேரும் மாற வேண்டும். அது திக்கினால் அலைகிறவர்கள் நாம். ராத்திரி விழிப்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்.

ஆகவே, பெரிய திட்டம் ஒன்று அறிவிக்கப்படும்போது, எத்தனை கோடி என்று மட்டும் கேட்டால் போதாது. முதல் பகுதி எப்போது ஓடும், அதை யார் சோதிப்பார்கள், புதியது திக்கினால் பழையது இருக்குமா? இந்த மூன்றையும் கேட்க வேண்டும். பதில் இருந்தால் திட்டம் தேறும்.