களியில் கசிந்த ரத்தம்: அற்புதமா? ஆராய்ச்சியா?

நம் கொங்கு நாட்டில் ஒரு வீட்டில் இரவு ஆக்கிவைத்த சோறு, விடிந்து பார்க்கும்போது ரத்தம் தெளித்தாற்போல் சிவந்திருக்குமானால் என்ன நடக்கும் என்பதை வாசகர்களுக்கு நாம் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சாமி குத்தம் என்பார்கள். குறி கேட்க ஓடுவார்கள். பூசாரி கிடா வெட்டச் சொல்லுவார். மூன்றாம் நாள் அங்கே ஓர் உண்டியலும் வந்து உட்கார்ந்துவிடும். 1995-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்றவுடன், படித்துப் பட்டம் பெற்றவர்களெல்லாம் செம்பும் கையுமாய் வரிசையில் நின்ற நாட்டில் இதற்குச் சந்தேகமும் உண்டோ?

இப்படிச் சோறு சிவப்பது நமது கற்பனையன்று. 1819-ம் வருஷத்தில் இத்தாலி தேசத்துப் பாதுவா நகரத்தையடுத்த லெக்னாரோ என்னும் கிராமத்தில், ஒரு குடியானவன் வீட்டு மக்காச்சோளக் களி இவ்வாறே சிவந்துபோயிற்று. பிசாசின் வேலையென்று ஊரார் நடுங்கினார்கள். பார்த்தலோமியோ பிஸியோ என்னும் மருந்து தயாரிப்பவர் மட்டும் மந்திரிக்கப் போகாமல், களியைச் சூடும் ஈரமுமுள்ள இடத்தில் மூடிவைத்துப் பரீட்சை செய்தார். அங்கேயும் களி சிவந்தது. கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிரின் வளர்ச்சியே இந்த ரத்தம் என்று கண்டுகொண்டு, 1823-ல் அதற்கு செராஷியா மார்சசென்ஸ் என்று பெயரும் வைத்தார். அவர் அதைக் காளான் வகையென்று எண்ணினார்; பாக்டீரியா என்னும் கிருமி என்று பின்னால் தெளிவாயிற்று. அது உண்டாக்கும் சிவப்புச் சாயத்துக்குப் பெயர் புரோடிஜியோசின். அதிசயம் என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

அதிசயம் என்று நம்பியதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். ஐரோப்பாவில் மத்திய காலத்தில், கோயில் அப்பத்தை யூதர்கள் குத்தியதால் அதில் ரத்தம் வந்தது என்று பழி சுமத்தி, எத்தனையோ யூதர்களை எரித்தும் வெட்டியும் கொன்றார்கள். அந்த அப்பங்களில் சிலவற்றைச் சிவக்கச் செய்தது இக்கிருமியாகவே இருந்திருக்கலாம் என்று பிற்காலத்து அறிஞர்கள் கருதுகிறார்கள். மூடநம்பிக்கை என்பது வெறும் பொழுதுபோக்கல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

நிற்க, அந்தச் சாயத்தை ஆராய்ந்தவர்கள் கண்டதென்ன? ஆய்வுக்கூடப் பரீட்சைகளில் அது புற்றுநோய் அணுக்களை மாளச் செய்கிறது. மலேரியாக் கிருமியை எதிர்க்கிறது. ஆனால் கிருமி அதைச் சொற்பமாகத்தான் கொடுக்கும். உடம்புச் சூடாகிய 37 டிகிரியில் வளர்த்தால் சாதாரணமாய்ச் சாயமே வராது. 28, 30 டிகிரிதான் அதற்கு ஒத்தது. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், மண்ணிலிருந்து எடுத்த இக்கிருமிக்கு எள்ளுப் பொடியையும் நிலக்கடலைப் பொடியையும் இரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நிலக்கடலைப் பொடியில், வழக்கமான ஆய்வுக்கூட ரசத்தைக் காட்டிலும் ஏறக்குறைய 40 மடங்கு சாயம் கிடைத்தது. கடலையிலுள்ள கொழுப்புச் சத்தே இதற்குக் காரணமென்று கருதினார்கள். எந்த யாகத்தினால் இந்த 40 மடங்கு வந்தது? எந்தத் தெய்வம் கனவில் வந்து கடலையை இடிக்கச் சொல்லிற்று?

கிருமியின் சாயம் மருந்தாவது நடக்கிற காரியமா என்றால், நடந்தே இருக்கிறது. இத்தாலியில் ஒரு பழைய கோட்டைக்கருகே எடுத்த மண்ணிலிருந்த ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற கிருமியிடமிருந்து ஒரு சிவப்புப் பொருள் கிடைத்தது. அக்கிருமியின் குணத்தை மனிதர்கள் மாற்றியபின் கிடைத்ததே டாக்சோரூபிசின் என்னும் மருந்து. இன்றும் உலகமெங்கும் புற்றுநோயாளிகளின் நரம்பில் ஏற்றுகிற செந்நிற மருந்து அதுவே.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் செய்துவைக்கிறோம். புரோடிஜியோசின் இன்னும் மருந்தாகிவிடவில்லை. கண்ணாடித் தட்டில் அணு மாள்வது வேறு. மனிதன் பிழைப்பது வேறு. அந்த டாக்சோரூபிசினே அளவு மிஞ்சினால் இருதயத்தைக் கெடுப்பது. இந்தச் செராஷியாக் கிருமியும் ஆஸ்பத்திரிகளில் பலவீனமான நோயாளிகளுக்குத் தொற்று உண்டாக்குவதே. ஆகையினால்தான் சாயத்துக்கான மரபுக் கூறுகளைச் சாதுவான வேறு கிருமிக்குள் வைத்து வளர்க்கவும் முயன்றிருக்கிறார்கள். நாளைக்கே ஒருவன் "இயற்கைச் சிவப்பு, புற்றுநோய் தீரும்" என்று குப்பி விற்க வருவானேயானால், அவனும் குறி சொல்லுகிறவனும் ஒரே வியாபாரிகள்தான். இயற்கை என்பதையும் ஒரு புதுச் சாமியாக்கி விடாதீர்கள். எட்டிக்கொட்டையும் இயற்கைதான்.

நம் பிரதேசத்துக்கு இதில் சம்பந்தமில்லையா? எள்ளும் கடலைக்காயும் நம் காட்டில் விளைவது. செக்கு நம் ஊரில் சுற்றுவது. சாயம் நமக்குச் சோறு போட்டது. அதன் கழிவு நொய்யலையும் கெடுத்தது. 2011-ல் ஐகோர்ட் உத்தரவிட்டுத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே பலர் விழித்தார்கள். நல்ல சாயமோ கெட்ட சாயமோ, அதன் ரசாயனம் தெரியாதவன் கடைசியில் நஷ்டமடைகிறான் என்பதே அது கற்பித்த பாடம். கோவையில் வேளாண் பல்கலைக்கழகமிருக்கிறது, பாரதியார் பல்கலைக்கழகமிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. பணமில்லை என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். கும்பாபிஷேகத்துக்கு வசூலாகிற பணத்தில் ஒரு பங்கு, மண்ணிலுள்ள கிருமிகளை ஆராயப் போகட்டும். மிருகப் பரீட்சை, மனிதப் பரீட்சை என்று அடுத்த படிகள் பல இருக்கின்றன. அவை காசில்லாமல் ஏறக்கூடியவையல்ல. அன்றியும், கிடைத்த அறிவு தமிழில், பள்ளிப் பிள்ளைக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும் விளங்கும்படி வரவேண்டும்.

ஆகவே தோழர்களே! சோறு சிவந்திருந்தால் கும்பிடவும் வேண்டாம், தின்னவும் வேண்டாம். அதில் ஒரு துளியைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கும்பிட்டவர்களால் இதுவரை ஒரு நோயாவது தீர்ந்ததா என்பதைப் பொதுஜனங்களே யோசித்துப் பார்க்கட்டும்.