இதயத்தின் சட்டம்

இதயம் என்றவுடன் கவிஞனுக்குக் காதல் நினைவு வரும். மருத்துவ மாணவனுக்குத் தசை நினைவு வரும். அத்தசையைத் தாங்கி நிற்கும் சட்டத்தை நினைப்பவர் மிகச் சிலரே.

மேலறைகள் இரண்டுக்கும் கீழறைகள் இரண்டுக்கும் இடையே உறுதியான நார்த்திசுவால் ஆகிய சட்டம் ஒன்று உண்டு. நான்கு வால்வுகளின் வாயைச் சுற்றி நான்கு வளையங்கள்; அவற்றைப் பிணைக்கும் முக்கோண முடிச்சுகள். மாட்டின் இதயத்தில் இவ்விடத்தில் சிறு எலும்பே இருக்கும். நமக்கு நாரே போதும். வால்வின் இதழ்கள் பற்றி நிற்பதும், தசைகள் பற்றி இழுப்பதும் இச்சட்டத்தையே. மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கண்டபடி கீழறைக்குப் பாயாமல் தடுப்பதும் இதுவே. துடிப்புக்கு உள்ள வழி ஒன்றுதான்: 1893-இல் வில்ஹெல்ம் ஹிஸ் கண்டுரைத்த தசைக்கற்றை. அதன் வாயிலில் துடிப்பு இமைப்பொழுது தாமதிக்கிறது. அதனாலேயே மேலறை முன்னும் கீழறை பின்னுமாக ஒழுங்காகச் சுருங்குகின்றன.

இத்தகைய அமைப்பை ஒரு தொண்டைப்புண் கெடுக்கும் என்றால் நம்புவீர்களா? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப்புண்ணைக் கவனியாது விட்டால், சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சலும் மூட்டுவலியும் தோன்றும். மூட்டுவலி போய்விடும், வால்வில் விழுந்த வடு போகாது. இதழ்கள் தடித்து ஒட்டிக்கொள்ளும். அல்லது வளையம் விரிந்து குருதி பின்னோக்கிக் கசியும். பின்னர் நெஞ்சைத் திறந்து, அந்த நார்வளையத்திலேயே செயற்கை வால்வைத் தைக்க வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய வால்வு 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அது நாட்டின் பெருமை. ஆயினும், வால்வே தேவைப்படாமல் செய்வது அதனினும் பெருமையன்றோ?

இந்நோய் நெருக்கடியில் வளர்வது. மான்குர்த் லல்லுபாய் காம்பவுண்டைப் பாருங்கள். தண்டவாள ஓரத்திலிருந்து பெயர்க்கப்பட்ட மக்களுக்கென எழுப்பிய அடுக்குமாடிகள். ஒன்றையொன்று முட்டி நிற்கும் சுவர்கள். ஓர் அறையில் ஒரு குடும்பம். ஒரு பிள்ளையின் இருமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொந்தம்.

“இது மருத்துவமனையின் வேலை, மாணவர் மன்றத்திற்கு என்ன?” என்று சிலர் கேட்கலாம். மருத்துவமனை, நோயாளி வாசலுக்கு வந்த பின்பே பேசும். தொண்டைவலிக்கு உப்புநீர் போதும் என்றிருக்கும் தாயிடம் முன்கூட்டியே பேசுவது யார்? அதுவும் அவள் தாய்மொழியில்?

ஆண்டுதோறும் முத்தமிழ் விழா எடுக்கிறோம்; நன்று. அவ்விழாச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஒரு பக்கத் துண்டறிக்கை அச்சிடுவோம். காய்ச்சலோடு தொண்டைவலி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தரும் மருந்தை நாள் குறையாமல் கொடுங்கள். மூட்டுக்காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போட வேண்டிய பெனிசிலின் ஊசியை ஆண்டுக்கணக்கில் தவறவிடாதீர்கள். இம்மூன்று செய்திகளே போதும். மான்குர்த்திலும் தாராவியிலும் தமிழர் வாழும் வீடுகளில் அதைப் படித்துச் சொல்வோம்.

நார்ச்சட்டம் துடிப்பதில்லை, துடிப்பவற்றைத் தாங்குகிறது. மன்றத்தின் பணியும் அதுவாகுக!