கேள்விக்கும் நிதி ஒதுக்க வேண்டும்



ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு எவ்வளவு? 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் ஆகிவிடும்! கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கே நானோமீட்டர். பொருள் அதேதான்; ஆனால் மேற்பரப்பு பெருகும்போது அதன் குணமும் மாறுகிறது. நானோ நுட்பத்தின் வலிமை இதில்தான் இருக்கிறது. கவலையும் இங்கேதான் தொடங்குகிறது.

வெள்ளி நுண்துகள்கள் கிருமிகளைக் கொல்லும். ஆகவே, நாற்றம் வராதிருக்கக் காலுறைகளில் அவற்றைச் சேர்த்து விற்றார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தகைய காலுறைகளை நீரில் அலசிப் பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். சிலவற்றிலிருந்து வெள்ளி நீரில் கலந்திருந்தது. அந்நீர் ஆற்றில் சேர்ந்தால் அங்குள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் என்னாகும்? வாங்குவோரிடம் இதைச் சொல்வது யார் கடமை? முதற்கேள்வி அறிவியலுக்கு உரியது. இரண்டாவது அறத்திற்கு உரியது. இரண்டுக்கும் விடை தேட ஆட்கள் வேண்டும், பணமும் வேண்டும்.

"அந்தப் பணத்தில் இன்னொரு நுண்ணோக்கி வாங்கலாமே?" என்பார் சிலர். இயற்பியல் ஆசிரியனான எனக்கும் கருவிகள்மீது ஆசை உண்டு. ஆனால் கல்நாரின் கதையை மறக்க முடியவில்லை. கல்நார்த் தூசி தீங்கானது என்று பிரிட்டனின் தொழிற்சாலை ஆய்வாளர்கள் 1898-இலேயே எழுதிவைத்தார்கள். அந்நாடு அதை முற்றிலும் தடைசெய்ய முடிவெடுத்ததோ 1999-இல்! இடைப்பட்ட நூறாண்டுகளில் நுரையீரல் நோயால் மாண்டவர் ஏராளம். நீளமான கார்பன் நானோ குழாய்கள் எலிகளின் உடலில் கல்நாரைப் போன்ற விளைவை உண்டாக்கியதாக 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. இம்முறையும் நூறாண்டு காத்திருக்கலாமா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?

எனவே, ஆராய்ச்சி தொடங்கும்போதே அதன் விளைவுகளை ஆராயவும் ஒரு பங்கை ஒதுக்கிவிட வேண்டும் என்பேன். இது புதுமையன்று. 1990-இல் அமெரிக்காவில் தொடங்கிய மனித மரபணுத் தொகுதித் திட்டத்தில் முதலில் நூற்றுக்கு 3 பங்கும், பிறகு 5 பங்கும் இவ்வாறு ஒதுக்கினார்கள். நானோ ஆராய்ச்சிக்காக அந்நாடு 2003-இல் இயற்றிய சட்டமும் சமூக, அறக் கேள்விகளை ஆராயச் சொன்னது. அதன்பின், 2005-இல் இதற்கென்றே இரண்டு பல்கலைக்கழக மையங்களுக்கு அரசு நிதி கிடைத்தது.

ஒதுக்கினால் மட்டும் போதுமா? போதாது. பொருளை விற்பவரே கேள்வி கேட்பவராகவும் இருக்கக்கூடாது. முடிவுகள் மக்களுக்குத் தெரிய வேண்டும். ஆபத்து தெரிந்தால் நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் வேண்டும். இல்லையேல் அது வெறும் கண்துடைப்பே.

உங்களில் சிலர் நாளை புதுப்பொருள்களைப் படைப்பீர்கள். அப்போது, "இது யாருக்கு நன்மை? யாருக்குத் தீங்கு?" என்று ஒருவர் கேட்டால் அவரை அறிவியலின் பகைவராக எண்ணிவிடாதீர்கள். அவரும் உங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டியவரே!