100 எம்.பி.பி.எஸ். 'வரை': ஒரு நெட் புலம்பல்

ரெண்டு மாசமா கடைப்பக்கம் வரல. இந்தப் பதிவு முழுக்கப் புலம்பல்தான், பொறுத்துக்குங்க.

எங்க ஊரு திருப்புட்குழி. காஞ்சிபுரத்துலேர்ந்து வேலூர் போற வழியில, பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கு. விஜயராகவப் பெருமாள் கோயில் 108 திவ்யதேசத்துல ஒண்ணு. ராமர் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செஞ்ச இடம்னு ஐதீகம். தாயார்கிட்ட வேண்டிக்கிட்டு, வறுத்த பயறை மடியில கட்டிக்கிட்டுப் படுத்தா, காலையில முளை விட்டிருக்கும்னு நம்பிக்கை. வறுத்த பயறே முளைக்கிற ஊர்ல, ஒரு வீடியோ லோட் ஆவ மாட்டேங்குது :-(

வீட்டுல இருக்கறது '100 எம்.பி.பி.எஸ். அன்லிமிடெட்'. கனெக்‌ஷன் வாங்கினப்போ எங்கம்மா, "டாக்டருக்குப் படிக்கறதாடா?"ன்னு கேட்டாங்க. கம்பெனி பேர் வேணாம். பேரை மாத்திப் போட்டாலும் உங்க வீட்டுக் கதையும் இதேதான்.

விளம்பரத்துல 100க்குப் பக்கத்துல சின்னதா 'வரை'ன்னு ஒரு வார்த்தை இருக்கும். 3 வந்தாலும் அது 100 வரைதானே? அடுத்தது 'அன்லிமிடெட்'. மாசம் 500 ஜி.பி. தாண்டினா வேகம் 2 எம்.பி.பி.எஸ். ஆயிடும். லிமிட் உள்ள அன்லிமிடெட்! சர்க்கரை போடாத பாயசம் மாதிரி.

ஒரு சின்னக் கணக்கு. வேகத்தை பிட்டுல சொல்லுவாங்க, அளவை பைட்டுல சொல்லுவாங்க. 8 பிட்டு சேர்ந்தா ஒரு பைட்டு. அதனால 100 எம்.பி.பி.எஸ்.னா நொடிக்கு 12.5 எம்.பி. தான். அவங்க சொன்ன வேகம் நிஜமாவே நிக்காம வந்துச்சுன்னா, 500 ஜி.பி. தீர எவ்வளவு நேரம் ஆகும்? 40,000 நொடி. பதினோரு மணி நேரம் சொச்சம். மாசத்துக்கே அவ்வளவுதான். ஒரு வகையில ஸ்லோவா கொடுத்து நம்ம கோட்டாவைக் காப்பாத்துறாங்கன்னும் சொல்லலாம், ஹி ஹி.

பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2004 பிராட்பேண்ட் கொள்கையில 256 கே.பி.பி.எஸ். இருந்தாலே பிராட்பேண்ட். அப்போ ராத்திரி 2 மணிலேர்ந்து காலைல 8 வரைக்கும் ஃப்ரீன்னு பிளான் உண்டு. அலாரம் வச்சு எழுந்து டவுன்லோட் போட்டுட்டு மறுபடி படுப்போம். 700 எம்.பி. படம் 256ல இறங்க ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். கரெக்டா கிளைமாக்ஸ்ல 8 மணி அடிச்சிடும், அவ்வ்வ்வ். அந்த 256, 2013ல 512 ஆச்சு. 2 எம்.பி.பி.எஸ். ஆனது 2023லதான். விளம்பரத்துல 100, 300னு போயிட்டிருந்த காலத்துல சட்டப் புத்தகம் அவ்வளவு தூரம்தான் நடந்து வந்திருந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

எதிர் வீட்டு அண்ணன் பட்டு நெசவாளர். அவர் பொண்ணு கம்ப்யூட்டர்ல சேலை டிசைன் போடும். பார்டர்ல வர்ற மயிலு, சக்கரம், கோபுரம் எல்லாம் கட்டம் கட்டமா போட்டு, ஜக்கார்டுக்கு அட்டை அடிக்கிறவங்களுக்கு அனுப்பும். நல்ல கை. போன மாசம் பெங்களூர்ல ஒரு துணிக் கம்பெனிலேர்ந்து வீடியோ இண்டர்வியூன்னு கூப்பிட்டாங்க. அவங்க வீட்டுல நெட் கிடையாது. "சித்தப்பா, உங்க வீட்டுல உக்காந்துக்கட்டுமா?"ன்னு கேட்டுச்சு. தாராளமா வாம்மான்னேன்.

அன்னிக்கு தேதி 27. நாலாவது நிமிஷம் படம் நின்னு போச்சு. அந்தப் பக்கம் குரல் தண்ணிக்குள்ளேர்ந்து பேசற மாதிரி வருது. புள்ள போனை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடுச்சு. அங்கயும் டவர் ஒரு கோடுதான். 'நாங்களே திரும்பக் கூப்பிடறோம்'னாங்களாம். இன்னிவரைக்கும் கூப்பிடல.

கஸ்டமர் கேருக்குப் போட்டேன். "சார், உங்க லிமிட் முடிஞ்சிருச்சு."

"முடியப் போவுதுன்னு மெசேஜ் வரலியே?"

"அனுப்பியிருப்போம் சார்."

"எந்தத் தேதில எவ்வளவு ஓடுச்சு?"

"சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது சார்."

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. தப்பு நம்மளுதோ? பையன் கேம் அப்டேட் போட்டானா, நாமதான் டி.வி.ல படமா பார்த்துத் தீர்த்தோமா? இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். என்னால சொல்ல முடியாது. ஏன்னா மீட்டர் அவங்ககிட்ட இருக்கு. மக்களே, என் கோபம் ஸ்பீடு மேல கூட இல்ல, இது மேலதான்.

கரண்ட் மீட்டர் எங்க இருக்கு? என் வீட்டுச் சுவத்துல. ரீடிங் எடுக்க வர்றவர் என் கண்ணு முன்னாடி பார்த்து, வெள்ளை அட்டையில எழுதிட்டுப் போவார். சந்தேகம்னா நானே ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்துக்கலாம். மளிகைக் கடைத் தராசுல அரசு முத்திரை இருக்கணும். எதிர் வீட்டு அண்ணன் பட்டும் ஜரிகையும் எடை போட்டுத்தான் வாங்குவார். சேலை நெய்து முடிச்சதும் திரும்ப எடை. கிராம் குறைஞ்சா கூலியில பிடிப்பாங்க. அவர் போய் 'அஞ்சரை மீட்டர் வரை இருக்கும் முதலாளி'ன்னு ஒரு சேலையைக் கொடுக்க முடியுமா? ஊரே அளந்து வாங்குது, அளந்து கொடுக்குது. நெட் ஒண்ணுலதான் விக்கிறவரே அளந்து, விக்கிறவரே 'தீந்து போச்சு'ங்கறார்.

விதியே இல்லாம இல்ல. டிராய் 2016 அக்டோபர்ல ஓர் உத்தரவு போட்டுச்சு. லிமிட்டுல 50, 90, 100 சதவீதம் வரும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்லணும், லிமிட் தாண்டினாலும் 512 கே.பி.பி.எஸ்.க்குக் கீழ வேகத்தை இறக்கக் கூடாதுன்னு. ஆனா அந்த 50ஐயும் 90ஐயும் எண்ணிச் சொல்றதும் அதே கம்பெனிதானே?

அந்தப் பக்கத்து நியாயமும் சொல்லணும். ஒரே பைப்பைப் பல வீடு பகிர்ந்துக்கறதாலதான் நமக்கு மாசம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. எல்லாரும் ராத்திரி 8 மணிக்கு உக்காந்தா நெரிசல் வரத்தான் செய்யும். ரோட்டு வேலைக்குத் தோண்டினா கேபிள் அறுந்து போகும், மழையில கம்பம் ஏறி ஒட்டுப் போடற கேபிள் தம்பியைத் திட்டி என்ன புண்ணியம்? லிமிட் வைங்க, வேணாங்கல. 'அன்லிமிடெட்'னு சொல்லாதீங்க. நெரிசல் நேரத்துல குறைஞ்சபட்சம் எவ்வளவு வரும்னு அதே பெரிய எழுத்துல போடுங்க. தினசரி கணக்கை பில்லோட கொடுங்க. இது பெரிய ஆசையா?

நான் இப்ப செய்யறது: வைஃபைல பார்க்காம ரூட்டர்ல நேரா கேபிள் சொருகி, காலை, மதியம், ராத்திரி ஸ்பீடு டெஸ்ட் எடுத்து, தேதியோட ஸ்கிரீன்ஷாட். ரூட்டர் செட்டிங்ஸ்ல டேட்டா கணக்கு காட்டுற வசதி இருந்ததால தினம் நோட்டுல எழுதறேன். உங்க ரூட்டர்லயும் இருக்கான்னு பாருங்க. புகார் கொடுத்தா புகார் எண்ணை வாங்காம போனை வைக்காதீங்க. தீரலைன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். நான் எழுதியாச்சு. பதில் வந்தா தனிப் பதிவு.

நேத்து சாயங்காலம் அந்தப் பொண்ணு வந்துச்சு. புது டிசைன் ஒண்ணு அனுப்பணுமாம். "சித்தப்பா, இன்னிக்குத் தேதி என்ன?"ன்னு வாசல்லயே நின்னு கேட்டுச்சு. 6ஆம் தேதிதான், உள்ள வாம்மான்னேன்.

டிஸ்கி: கோயில்ல எடுத்த வீடியோவையும் இதோட ஏத்தலாம்னு பார்த்தேன். 43 சதவீதத்துல நிக்குது. 'நூறு வரை' போகும்னு நம்புறேன் :-)