பெயர் குறிப்பிட விரும்பாதவர்கள்

வருகிற ஒக்டோபரில் ரொறன்ரோ வாட்டர்ஃபிரண்ட் ஹாஃப் மரதன் ஓடப்போகிறேன். 21.1 கிலோமீட்டர். சேரும் காசு 'கிட்ஸ் ஹெல்ப் போன்' அமைப்புக்கு. 1989 முதல் கனடாவில் இளம் பிள்ளைகளின் அழைப்பை எடுக்கிறவர்கள் அவர்கள்.

சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினேன். குறை சொல்லக்கூடாது, இரண்டே நாளில் 19 பேர் தந்தார்கள். அதில் 14 பேர் 'பெயர் குறிப்பிட விரும்பாதவர்'. போன வருடம் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஓடியபோது ஒருவரும் பெயரை மறைக்கவில்லை. பேரப்பிள்ளையின் பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னவர்கள்கூட உண்டு.

பெரியப்பா 200 டொலர் தந்துவிட்டுக் கேட்டார்: "ஏன் ராசா, இந்த முறையும் கான்சருக்கே ஓடியிருக்கலாமே? இதுக்கு ஓடினா, உங்கட வீட்டில ஆருக்கோ விசர் எண்டெல்லோ சனம் கதைக்கும்."

எனக்குக் கோபம் பெரியப்பாவில் இல்லை, அந்த வசனத்தில்தான். "நாங்கள் ஷெல்லடிக்குள்ள படிச்சனாங்கள், உங்களுக்கு இஞ்ச என்ன குறை?" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவர்கள் பட்டது பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அதை எப்படித் தாங்கினீர்கள் என்று அவர்களையும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதால் காயம் ஆறிவிடாது.

காசு தேவைதான். ஒன்ராறியோவில் குடும்ப வைத்தியர் அனுப்பினால் மனநல மருத்துவரை ஓஹிப்பில் பார்க்கலாம். தனியார் தெரபிஸ்ட் என்றால் கைக்காசு, இல்லாவிட்டால் வேலையிடத்துக் காப்புறுதி. இரண்டும் இல்லாத 17 வயதுப் பிள்ளைக்கு அந்த இலவச எண் ஒரு கதவு. ஆனால் நாங்கள் செய்வது என்ன? காசு கட்டி அந்தப் பக்கம் ஓராளை இருத்துகிறோம். இந்தப் பக்கம் பிள்ளையின் வாயைப் பொத்துகிறோம்.

நானும் யோக்கியன் இல்லை. மாஸ்டர்ஸ் படித்த வருடம் மாதக்கணக்கில் எனக்கு நித்திரை இல்லை. ஒரு இரவு, வீட்டில் கேட்டுவிடும் என்று மோல் பார்க்கிங்கில் காரை நிறுத்தி, உள்ளேயிருந்து அந்த எண்ணை அழைத்தேன். பத்து வருடத்துக்கு மேலாக ஒருவருக்கும் சொல்லவில்லை. நானும் பெயர் குறிப்பிட விரும்பாதவன்தான்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப ஏனடா என்னை எழுப்பேல்லை?" என்று கேட்டா.

இன்று என் நன்கொடைப் பக்கத்தில் காரணத்தை எழுதிவிட்டேன், என் பெயரோடு.

உங்களிடம் காசு இல்லாவிட்டால் பரவாயில்லை. இன்றிரவு உங்கள் தம்பியிடமோ தங்கச்சியிடமோ மார்க்ஸ் பற்றிக் கேட்காமல், "ஒழுங்கா நித்திரை வருதா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை இருங்கள். உங்களுக்கே தேவையென்றால் 1-800-668-6868, அல்லது 988. கார் பார்க்கிங்குக்குப் போகவேண்டாம். வீட்டிலிருந்தே எடுங்கள்.