மனநலப் பிரிவுக்கு ஓர் எடை இயந்திரம்

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. மனச்சிதைவு நோயாளிகளின் நிலைமை இதில் மிக மோசம். தற்கொலைதான் காரணமாக இருக்கும் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். நோய் கண்ட முதல் சில ஆண்டுகளில் அந்த ஆபத்து அதிகம்தான். ஆனாலும் அவர்கள் இழக்கும் ஆயுளில் பெரும்பகுதி மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, நுரையீரல் நோய், தொற்று ஆகியவற்றால் போவது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து இருக்கிறது. மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஒருவர் ஐம்பது வயதில் சாகிறார் என்றால், அதை விதி என்று விட்டுவிட முடியாது.

தமிழ்நாட்டின் எல்லா அரசு மனநலப் புறநோயாளர் பிரிவுகளிலும், மாவட்ட மனநலத் திட்ட முகாம்களிலும் நோயாளியின் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துவைப்பது கட்டாயமாக வேண்டும். குறிப்போடு நின்றுவிடாமல் சிகிச்சையும் அங்கேயே தொடங்க வேண்டும். 'அதற்கு வேறு டாக்டரைப் பாருங்கள்' என்று சீட்டு எழுதி அனுப்பினால், அந்த இன்னொரு வரிசையில் போய் நிற்க மனச்சிதைவு நோயாளிகள் பலரால் முடிவதில்லை.

நோயாளிகளின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து பசி அடங்கவில்லை, நடுராத்திரியில் எழுந்து சோறு கேட்கிறான், ஆள் இரண்டு மடங்காகிவிட்டான். தாய்மார்கள் சொல்வது சரிதான். ஒலான்சபின், க்ளோசபின் போன்ற மருந்துகள் பசியைத் தூண்டுகின்றன, எடையைக் கூட்டுகின்றன, சர்க்கரை நோய்க்கு வழிவிடுகின்றன. மருந்து தொடங்கும் முன்பே எடையும் சர்க்கரையும் பார்க்க வேண்டும், எடையை 4, 8, 12ஆம் வாரங்களிலும் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் 12ஆம் வாரத்திலும் மறுபடி பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவு, மனநல மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2004லேயே அட்டவணை போட்டுக் கொடுத்தன. கூடிய எடையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. உணவு, நடைப்பயிற்சி ஆகியவற்றுடன் மெட்ஃபார்மினையும் சேர்த்துக் கொடுத்தால் எடை இறங்குகிறது என்று சீனாவில் நடந்த ஓர் ஆய்வு 2008இல் காட்டியது. மெட்ஃபார்மின் நம் ஊரில் சர்க்கரை நோயாளிகள் எல்லோருக்கும் தெரிந்த, விலை மலிந்த மாத்திரை.

இதைப் படித்துவிட்டு யாரும் மனநல மருந்தை நிறுத்திவிடக் கூடாது. பின்லாந்தில் 66,881 மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றி 'லான்செட்' இதழில் 2009இல் வந்த ஆய்வில், மருந்தே எடுக்காதவர்களைவிட நீண்டகாலம் எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. எடையை மிக அதிகம் கூட்டும் மருந்துகளில் ஒன்றான க்ளோசபினை எடுத்தவர்களிடம்தான் எல்லோரையும்விடக் குறைவு. மனம் தெளிந்திருப்பவரே நேரத்துக்குச் சாப்பிடுவார், உடம்புக்கு வந்தால் வாய்விட்டுச் சொல்வார். பக்கவிளைவைச் சொன்னால் மருந்தை விட்டுவிடுவார்களே என்று சில மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். சொல்லாமல் விட்டால்தான் நோயாளியின் தாய் தானாக ஒரு முடிவெடுத்து மாத்திரையைப் பாதியாக உடைக்கிறார்.

அடுத்தது அலட்சியம். மனநல மருத்துவமனைச் சீட்டோடு வருபவர் நெஞ்சு வலிக்கிறது என்றால், அதுவும் நோயின் பிரமையாக இருக்கும் என்று ஈசிஜி எடுக்காமலே அனுப்பிவிடும் வழக்கம் உலகெங்கும் உண்டு, நம்மிடமும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 21ஆம் பிரிவு, சிகிச்சையில் மனநோயாளியை மற்ற நோயாளிகளுக்குச் சமமாக நடத்தச் சொல்கிறது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அந்தச் சட்டப் பிரிவு தெரிந்திருக்க வேண்டும்.

புகையிலையைப் பற்றியும் இதே அலட்சியம் உண்டு. 'பாவம், அவனுக்கு இருக்கிற ஒரே சுகம்' என்று பீடி வாங்கிக் கொடுப்பதை அன்பு என்று நினைக்கிறோம். அந்தப் பீடிதான் அவர் இதயத்தையும் நுரையீரலையும் அரிக்கிறது. மனநோய் உள்ளவர்களும் தகுந்த மருந்து, ஆலோசனையுடன் புகையை விட முடியும் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. ஒரு எச்சரிக்கை மட்டும் வேண்டும்: புகையை நிறுத்தினால் க்ளோசபின், ஒலான்சபின் அளவு ரத்தத்தில் ஏறும். அதனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டே நிறுத்த வேண்டும்.

மனநலப் பிரிவில் கூட்டம் அதிகம், ஒருவருக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் எடை பார்க்கவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் மனநல மருத்துவர் தேவையில்லை. காத்திருக்கும் நேரத்தில் ஒரு செவிலியர் முடித்துவிடுவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையும் கொடுக்கிறார்கள். மனச்சிதைவு நோயாளி உள்ள வீடுகளை அவர்கள் பட்டியலில் தனியே குறித்துக் கொடுத்தால் போதும், அறைக்குள்ளேயே முடங்கிக் கிடப்பவரைக்கூட ஒரு கை தொட்டுப் பார்க்கும். அவரைப் பார்த்துக்கொள்ளும் எழுபது வயது அம்மாவின் ரத்த அழுத்தத்தையும் அதே கையோடு பார்த்துவிடலாம்.

முதல்முறை மனச்சிதைவு நோய் கண்ட 90 பேரை 1980களின் தொடக்கத்திலிருந்து பல்லாண்டு பின்தொடர்ந்து, அவர்களில் பலர் நன்கு தேறினார்கள் என்று உலகுக்குக் காட்டியது சென்னை. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் இதே நகரில் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். மனம் தேறும் என்று நிரூபித்த ஊரில், தேறியவர் மாரடைப்பில் அற்பாயுளில் போவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

காப்பகங்களிலும் இந்தச் சோதனைகள் நடக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிய பிறகுதான் அரசு காப்பகங்களுக்குள் எட்டிப் பார்த்தது. அங்கே கதவும் கூரையும் பார்க்கும் ஆய்வு அதிகாரி, உள்ளே இருப்பவரின் சர்க்கரை அட்டையையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தில் பதிவானவர் இறந்தால், அவரது வயதையும் காரணத்தையும் பதிவுசெய்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பிரசவத்தில் இறக்கும் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தணிக்கை செய்து பழகிய மாநிலம் இது. அதே ஒழுங்கை இங்கும் கொண்டுவர, அடுத்த மானியக் கோரிக்கையிலேயே சுகாதார அமைச்சர் நிதி ஒதுக்கி அறிவிக்க வேண்டும்.